கேம் கம்ப்யூட்டருக்குப் புதிய பிராசசர், மதர்போர்ட்: கடலோர வீட்டுக்கு எது சரி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குச் சில மாதங்களில் ஓர் ஆசை வரும். பாடம் படித்தது, பிரின்ட் எடுத்தது, படம் பார்த்தது எல்லாம் போக, ஒரு நல்ல கேமை இதில் ஓட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். ஓட்டிப் பார்த்தால் கேம் திக்கித் திணறும். கடையில் கேட்டால், “எல்லாவற்றையும் மாற்றுங்கள்” என்பார்கள். எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா, எதை மாற்றினால் போதும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

நான் திருவொற்றியூரில் இருந்துகொண்டு ராயபுரம் முதல் எண்ணூர் வரை வீடுகளுக்குச் சென்று கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். உப்புக் காற்று, லாரிப் புழுதி, தொழிற்சாலைப் புகை மூன்றும் சேர்ந்த பகுதி இது. இங்கே பிராசசரையும் மதர்போர்டையும் தேர்ந்தெடுக்கும்போது வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது.

முதலில் குறை எங்கே?

2024 கோடையில் எங்கள் பகுதியில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு மாணவன் என்னிடம் வந்தான். அவன் அம்மா ஏலச்சீட்டில் எடுத்துக் கொடுத்த 25,000 ரூபாய் கையில் இருந்தது. “அண்ணா, கடையில கிராபிக்ஸ் கார்டை மாத்தச் சொல்றாங்க. மாத்தினா சரியாயிடுமா?” என்று கேட்டான். அவனிடம் இருந்தது 4ஆம் தலைமுறை கோர் ஐ5 4570 பிராசசர், டிடிஆர்3 மெமரி, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்ட். கார்ட் 2019இல் வந்தது. பிராசசரோ 2013இல் வந்தது. அந்தப் பணம் தவறான பாகத்துக்குப் போனால் அடுத்த சீட்டு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதைக் கண்டுபிடிக்கப் பணம் செலவழிக்க வேண்டாம். கேமின் செட்டிங்ஸில் வி-சிங்க் மற்றும் பிரேம் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச புரோகிராமை நிறுவி, விளையாடும்போது கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைத் திரையிலேயே பாருங்கள். அது 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்ட் முழு மூச்சாக உழைக்கிறது. பிராசசரை மாற்றிப் பெரிய பலன் இராது. 50, 60 சதவீதத்தில் நின்று கேம் திக்கினால், பிராசசர் வேலையைக் கொடுக்கும் வரை கார்ட் கை கட்டிக் காத்திருக்கிறது என்று அர்த்தம். பிராசசர் பயன்பாட்டு எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பல கோர்கள் உள்ள பிராசசரில் ஒரு கோர் மட்டும் திணறினாலும் மொத்தக் கணக்கு குறைவாகவே தெரியும்.

இன்னொரு சோதனையும் உண்டு. ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் குறை கார்டில். கொஞ்சமும் கூடாவிட்டால் குறை பெரும்பாலும் பிராசசரிலோ மெமரியிலோ.

அந்த மாணவனின் கம்ப்யூட்டரில் ஜிடிஏ 5 ஓட்டிப் பார்த்தோம். நான்கு கோர்களும் 100 சதவீதம். கார்ட் பாதி வேலைதான் செய்தது. ரெசல்யூஷனைக் குறைத்தும் வேகம் கூடவில்லை. அன்றே புது கார்ட் வாங்கும் பேச்சை நிறுத்தினோம்.

ஒன்றை மாற்றினால் மூன்று

பிராசசர் உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். ஒரு சாக்கெட்டுக்கான பிராசசர் வேறு சாக்கெட்டில் உட்காராது. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மெமரிகளிலும் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது. எனவே பழைய கம்ப்யூட்டரில் பிராசசரை மாற்றப் போனால் மதர்போர்டும் மெமரியும் சேர்ந்தே மாறும். பட்ஜெட் போடும்போது மூன்றையும் ஒரே செலவாக எழுதுங்கள்.

இப்போது நீங்கள் கேள்விப்படும் சாக்கெட்டுகள் நான்கு:

ஏஎம்4: ஏஎம்டி நிறுவனத்துடையது. ரைசன் பிராசசர்கள் 2017இல் இதில்தான் வந்தன. டிடிஆர்4 மெமரி.

ஏஎம்5: ஏஎம்டி 2022 செப்டம்பரில் கொண்டு வந்தது. டிடிஆர்5 மட்டுமே.

எல்ஜிஏ1700: இன்டெல் 2021 நவம்பரில் கொண்டு வந்தது. 12, 13, 14ஆம் தலைமுறைகள் இதில் பொருந்தும். போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5.

எல்ஜிஏ1851: இன்டெல் 2024 அக்டோபரில் கொண்டு வந்தது. கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு உரியது. டிடிஆர்5 மட்டுமே.

கையில் டிடிஆர்4 மெமரி இருந்தால் ஏஎம்4 அல்லது டிடிஆர்4 வகை எல்ஜிஏ1700 போர்டில் செலவு குறையும். எல்லாமே புதிதாக வாங்கப் போகிறீர்கள், பின்னாளில் பிராசசரை மட்டும் மாற்றும் வசதியும் வேண்டும் என்றால் ஏஎம்5 நல்லது. 2025 இறுதியில் மெமரி விலை கடுமையாக ஏறியது. ஆகவே மெமரி விலையை முதலில் கேட்டுவிட்டு, அதன் பிறகு சாக்கெட்டை முடிவு செய்யுங்கள்.

எந்தப் பிராசசர்?

ஒரு நடுத்தர கார்டுக்கு 6 கோர், 12 திரெட் உள்ள பிராசசர் போதும். ஏஎம்4இல் ரைசன் 5 5600, ஏஎம்5இல் ரைசன் 5 7600, இன்டெலில் கோர் ஐ5 12400 ஆகியவை இந்த வகை.

பெயரில் ஓர் எண், ஓர் எழுத்து மாறினாலும் சரக்கு மாறிவிடும். ரைசன் 5 5600இல் எல்3 கேஷ் 32 எம்பி. ரைசன் 5 5500இல் 16 எம்பிதான். கேஷ் என்பது பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய, அதிவேக மெமரி. கேம்கள் ஒரே தகவலைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் கேஷ் பெரிதாக இருந்தால் ஓட்டம் சீராகும். ரைசன் 7 5700எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி ஆகியவற்றில் 96 எம்பி எல்3 கேஷ் உள்ளது. அவை கேமுக்குப் பெயர் பெற்றது இதனால்தான். ஆனால் சிறிய கிராபிக்ஸ் கார்டோடு இவற்றைப் போடுவது மீன்பாடி வண்டிக்கு லாரி எஞ்சின் வைப்பது போல.

இன்டெல் பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது. கார்ட் பழுதானால் மானிட்டரில் ஒன்றும் தெரியாது. ரைசன் 5 5600க்கும் இதே நிலைதான்.

பழைய 13, 14ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர் ஒன்றை யாராவது மலிவாகத் தந்தால் கவனம் தேவை. இவற்றில் சில தேவையைவிட அதிக வோல்டேஜ் கேட்டு நாளடைவில் கெட்டுப்போவதாக 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டது. அதைத் தடுக்க 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் திருத்தங்களை வெளியிட்டது. வாரன்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. புதிய பயாஸ் இனி வரும் கேட்டைத் தடுக்கும். ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது.

மதர்போர்டில் என்ன பார்ப்பது?

பிராசசருக்குச் சீரான மின்சாரம் தருவது அதன் அருகில் வரிசையாக இருக்கும் விஆர்எம் பகுதி. அதன் மேல் அலுமினிய ஹீட்சிங்க் உள்ள போர்டையே வாங்குங்கள். மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஓடும் கம்ப்யூட்டருக்கு இது அவசியம். அறையின் வெப்பம் 10 டிகிரி கூடினால் பிராசசரின் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு கூடும்.

நான்கு மெமரி ஸ்லாட் இருந்தால் நல்லது. இரண்டே இருந்தால், இரண்டிலும் ஒரே மாதிரி மெமரி போடுங்கள். ஒற்றை 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபி கேமில் வேகம் தரும்.

அடுத்தது நம் பகுதிக்கே உரிய விஷயம். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. ஈயப் பூச்சுக்குப் பதிலாகச் சில சர்க்யூட் போர்டுகளில் வெள்ளிப் பூச்சு வந்தது. கந்தகம் கலந்த காற்றில் இந்த வெள்ளியும் அடியில் உள்ள செம்பும் அரித்து, கருமையாகப் படர்ந்து, இரண்டு இணைப்புகளை ஒட்டவைத்துவிடும். கடலோர உப்பு, ஈரத்தை இழுத்து இதை விரைவாக்கும். அரிப்பினால் வரும் பழுதுக்குப் பொதுவாக வாரன்டி கிடைக்காது.

நான் எல்லா வீட்டிலும் சொல்வது இதுதான். கேபினெட்டைக் கடல் பார்த்த ஜன்னலருகே வைக்காதீர்கள். முன்பக்கம் கழற்றிக் கழுவும் வலை உள்ள கேபினெட் வாங்குங்கள். வாரக்கணக்கில் அணைத்து வைக்காமல் அவ்வப்போது ஓட்டுங்கள். உள்ளே சூடு இருந்தால் ஈரம் தங்காது. தரையில் மட்டும் வைக்கவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டர் பிழைக்கும்.

எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ்

புதிய போர்டுகள் பலவற்றில் பிராசசருக்கு 8 பின் மின் இணைப்பு இருக்கும். பழைய மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் 4 பின் மட்டுமே வரலாம். போர்டை வாங்கும் முன் இதைப் பாருங்கள். சாதாரண 600 விஏ யுபிஎஸ் ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும். பெரிய கார்ட் போட்டு விளையாடும்போது கரன்ட் போனால் அது தாங்காமல் அணையக்கூடும். பழைய வீடுகளில் எர்த் இணைப்பையும் எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள்.

அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த பிராண்டட் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். அவற்றில் சில மாடல்களின் எஸ்எம்பிஎஸ் இணைப்பும் கேபினெட் துளைகளும் தனி வகை. சாதாரண மதர்போர்ட் அதில் பொருந்தாது.

கடைக்குப் போகும்போது

2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு நமக்கு ரிச்சி தெரு பக்கத்தில் வந்துவிட்டது. அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். மூன்று கடையிலாவது மொத்த விலை கேளுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்துச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள். போர்டின் பயாஸ் நீங்கள் வாங்கும் பிராசசரை ஏற்குமா என்று கேட்டு, கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பழைய பயாஸ் உள்ள போர்டில் புதிய பிராசசர் உயிர் பெறாது.

பழைய போர்டை வாங்கினால் டார்ச் அடித்துப் பாருங்கள். இன்டெல், ஏஎம்5 போர்டுகளில் பின்கள் சாக்கெட்டில் இருக்கும். ஏஎம்4இல் பிராசசரில் இருக்கும். ஒரு பின் வளைந்திருந்தாலும், ஸ்லாட் ஓரத்தில் பச்சையோ கருமையோ படர்ந்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

மாட்டிய பிறகு

பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்பதை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் 3200 வேகத்துக்குக் காசு கொடுத்த மெமரி 2133இலோ 2666இலோ ஓடிக்கொண்டிருக்கும். டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டையும் ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 11இல் வாலரன்ட் போன்ற கேம்களுக்கு இவை தேவை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. 4ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர்கள் விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை. பழையதை மாற்ற இதுவும் ஒரு நியாயமான காரணம்.

அந்த மாணவனுக்கு ரைசன் 5 5600, ஒரு பி550 போர்ட், இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 என்று முடிவு செய்தோம். அன்றைய விலையில் சீட்டுப் பணத்துக்குள் அடங்கியது. கார்ட் பழையதேதான். கேம் திக்குவது நின்றது. ஆட்டோகேடும் முன்பைவிட விரைவாகத் திறக்கிறது.

நீங்களும் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு தாளில் ஐந்து விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: இப்போதுள்ள கிராபிக்ஸ் கார்ட், மானிட்டரின் ரெசல்யூஷன், மெமரியின் வகை, எஸ்எம்பிஎஸ் வாட் மற்றும் இணைப்புகள், கையில் உள்ள பணம். இந்தத் தாள் கையில் இருந்தால், கடைக்காரர் எதைக் காட்டினாலும் உங்களுக்குத் தேவையானதை மட்டுமே வாங்கி வருவீர்கள்.