பாலம் தாண்டியும் போகாத துரு

கல்லடியில் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமானது. விடியற்காலையில் காரை எடுத்து, ஒழுங்கையால் திருப்பி, முதல் தடவை பிரேக்கை மிதிக்கும்போது இரும்பை இரும்பு உரசுவதுபோல் 'கர்ர்ர்' என்று கேட்கும். இரண்டாவது மிதியில் கொஞ்சம் குறையும். பிரதான வீதிக்கு ஏறிப் பாலத்தை நெருங்கும்போது ஒன்றுமே இருக்காது. முதன்முதலாகக் கார் வாங்கிய காலத்தில் இந்தச் சத்தத்துக்குப் பயந்து கராஜ் கராஜாக அலைந்திருக்கிறேன். வயதான ஒரு பாஸ்தான் சக்கரத்தைக் கழற்றாமலே சொன்னார்: "இது ராத்திரித் துரு மனே. பாலம் தாண்ட முதல் போயிரும். போகாட்டி மட்டும் என்னட்ட வா."

பல வருடம் கழித்து, போகாத துருவோடும் அவரிடம் போக வேண்டி வந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பிரேக் டிஸ்க் என்பது வார்ப்பிரும்புத் தட்டு. சூட்டை நன்றாகக் கடத்தும், அதிர்வை விழுங்கும் என்பதால்தான் வார்ப்பிரும்பு. ஆனால் பேட் உரசும் முகத்துக்குப் பெயின்ட் அடிக்க முடியாது, எண்ணெய் பூச முடியாது. இரும்பு வெறும் மேலோடு காற்றில் நிற்கிறது. எங்கள் காற்றோ உப்புக் காற்று. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். அதனால் டிஸ்க்கில் உப்புத் தூள் படிந்திருந்தால், ஒரு துளி மழை விழாவிட்டாலும் இரவில் அது ஈரமாகிவிடும். கச்சான் வீசும் நாட்கள் சிலவற்றை விட்டால், எழுவான்கரையில் அப்படி ஈரமாகாத இரவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மட்டக்களப்பு வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். அதற்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணற்கரையில்தான் கல்லடியும் காத்தான்குடியும் களுவாஞ்சிகுடியும் இருக்கின்றன. கிழக்கே கடல், மேற்கே உவர்நீர். கார் எங்கே நின்றாலும் உப்புக்குள்தான் நிற்கிறது.

ஒரே இரவில் படியும் துரு மெல்லிய தோல் மாதிரி. பத்துப் பதினைந்து தடவை பிரேக் மிதித்தால் பேட் அதை வழித்து எடுத்துவிடும். டிஸ்க்கின் நடுவிலுள்ள தொப்பி போன்ற பகுதியும் வெளி விளிம்பும் எப்போதும் செம்மண் நிறமாகத்தான் இருக்கும். அதைக் காட்டி "டிஸ்க் முடிஞ்சுது" என்பவரை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். பார்க்க வேண்டியது பேட் ஓடும் வளையத்தை மட்டும். இருபது கிலோமீற்றர் ஓடிய பிறகும் அந்த வளையத்தில் கபில நிறப் பட்டை நின்றால், அந்த இடத்தைப் பேட் தொடவில்லை என்று பொருள். பெரும்பாலும் துரு வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கி நகரும். பேட் பிடிக்கும் அகலம் வருடத்துக்கு வருடம் ஒடுங்கும். டிஸ்க் நன்றாக ஆறிய பிறகு விரல் நகத்தை அதன்மேல் ஓட்டிப் பாருங்கள். குழி குழியாகத் தட்டுப்பட்டால் துரு தோலைக் கடந்து இரும்பைத் தின்னத் தொடங்கிவிட்டது. அந்தக் குழிகள் புதுப் பேட்டையும் அரம்போல அராவிவிடும். அப்படிப்பட்ட டிஸ்க், தடிப்பு மிச்சமிருந்தாலும் போக வேண்டியதுதான். விளிம்புவரை ஓடிய வெடிப்பு இருந்தால் கேள்வியே இல்லை, அன்றைக்கே மாற்ற வேண்டும்.

என்னை ஏமாற்றியது உள்முகம். ரிம்மின் இடைவெளியால் பார்த்தால் வெளிமுகம் வெள்ளிபோல மின்னியது. சக்கரத்தைக் கழற்றி, கைபேசியை உள்ளே நீட்டிப் படமெடுத்துப் பார்த்தபோது மறுபக்கம் முழுவதும் கபிலம். கலிப்பர் முன்னும் பின்னும் நழுவிக் கொடுக்கும் ஊசிகள் துருவில் இறுகிவிட்டால் இப்படி நடக்கும். ஒரு பேட்தான் முழு வேலையும் செய்யும், மற்றது சும்மா நிற்கும். உள்ளே பிஸ்டன் இறுகினாலும் இதேபோல ஒரு பக்கம் கெட்டுப்போகும். அந்த ஊசிகளைக் கழற்றித் துடைத்து, அதற்குரிய கிரீஸைப் போடாமல் டிஸ்க்கை மட்டும் மாற்றினால் புது டிஸ்க்கும் அதே கதிக்கு வரும். உள்முகத்தைப் பார்க்காமல் "நல்லா இருக்கு" என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். வீட்டில் நீங்களே கழற்றிப் பார்ப்பதானால், எங்கள் மணலில் ஜாக்குக்குக் கீழே பலகை ஒன்று வைக்க மறக்க வேண்டாம்.

தேய்மானத்தில் ஊகத்துக்கு இடமில்லை. எந்த அளவுக்குக் கீழே போகக்கூடாது என்பது பெரும்பாலான டிஸ்க்குகளின் தொப்பியிலோ விளிம்பிலோ அச்சாகவே இருக்கும்: மினிமம் என்பதன் முதல் மூன்று ஆங்கில எழுத்துகளும் அதோடு ஓர் எண்ணும். துரு மூடியிருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்தால் தெரியும். சிறிய கார்களின் முன் டிஸ்க்கில் புதுத் தடிப்புக்கும் அந்த எல்லைக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் 2 மி.மீ. அளவுதான்; ஒரு முகத்துக்கு 1 மி.மீ. கண்ணால் மதிக்கக்கூடிய அளவல்ல அது. அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. தேய்ந்த டிஸ்க்கின் ஓரத்தில் பேட் தொடாத இடம் வரப்புப்போல உயர்ந்து நிற்கும். சாதாரண வேர்ணியரை வைத்தால் அந்த வரப்பைத்தான் அளக்கும், தேய்ந்த டிஸ்க்கும் புதிதுபோலக் காட்டும். மைக்ரோமீட்டர் இருந்தால் வரப்பைத் தாண்டி உள்ளே வைத்து, சுற்றிவர ஏழெட்டு இடத்தில் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மாதிரி இரண்டு நாணயங்களை இரு முகத்திலும் வைத்து அளந்து, நாணயங்களின் தடிப்பைக் கழித்துவிடலாம். எல்லை 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், அளந்தால் 20.3 வருகிறது. இன்றைக்கு அது தேறும். ஆனால் அதன்மேல் புதுப் பேட் போடுவது வீண், பேட் தேய்ந்து முடிய முதலே டிஸ்க் எல்லையைக் கடந்துவிடும்.

வாவியின் மறுகரையில் கதை வேறு. படுவான்கரையில் டிஸ்க்கைத் தின்பது உப்பைவிட மணலும் வயல் சேறும். கிரவல் வீதியில் தினமும் ஓடும் வாகனத்தின் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் மணல் சிக்கி, இசைத்தட்டுப்போலக் கோடு கோடாகப் பள்ளம் விழும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு பாதைப் படகுக்குக் காத்திருக்காமல் கொக்கட்டிச்சோலைக்கும் ஆரையம்பதிக்கும் ஒரே நாளில் பல தடவை போய்வரலாம். அப்படி ஓடும் வாகனத்துக்கு உப்பும் மணலும் இரண்டுமே உண்டு. மெல்லிய கோடுகள் பிழையில்லை. நகம் இறங்கித் தடக்கினால் அளந்து பார்க்க வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஐந்து வருடமாகப் பழைய கார்களையே ஓட்டித் தீர்த்தோம். நடுவில் 2022 வந்தது. எரிபொருள் இல்லாமல் கார்கள் வாரக்கணக்கில் முற்றத்தில் நின்றன. 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் சில மாதத்துக்குள் 360 வரை ஏறியது, உதிரிப்பாக விலையும் கூடவே ஏறியது. நிற்கும் கார்தான் ஓடும் காரைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். பேட் பிடித்திருந்த இடத்தில் அதன் வடிவம் அப்படியே டிஸ்க்கில் பதிந்துவிடும். பிறகு பிரேக் மிதிக்கும்போதெல்லாம் காலில் துடிக்கும். ஹைபிரிட் கார்களுக்கு இன்னொரு சிக்கல். வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே பெரும்பங்கைச் செய்து பற்றரியில் மின்னை ஏற்றிவிடுவதால், பேட் டிஸ்க்கை மெதுவாகத்தான் தொடும். வழிக்க ஆளில்லாத துரு தங்கிவிடும். வாரத்துக்கு ஒரு தடவையாவது பின்னால் வாகனம் இல்லாத வீதியில் இறுக்கி மிதியுங்கள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது எங்கள் நிலம். ஏறாவூரிலிருந்து கல்முனைவரை ஓட்டினாலும் ஒரு மேட்டையும் காணமாட்டோம். சமதரையில் தேய்ந்த டிஸ்க்கும் காரை நிறுத்திவிடும். வருடத்துக்கு வருடம் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் போனாலும் காரின் புகையைத்தான் பார்க்கிறார்கள், பிரேக்கைப் பார்ப்பதில்லை. பிறகு ஏப்ரல் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு மகியங்கனையால் கண்டிக்கு ஏறுகிறோம். போகும்போது ஏற்றம், எதுவும் தெரியாது. திரும்பும்போதுதான் பதினெட்டு வளைவும் இறக்கம். மெலிந்த டிஸ்க் குறைந்த சூட்டைத்தான் தாங்கும். மிச்சச் சூடு கலிப்பர் வழியாக பிரேக் எண்ணெய்க்குப் போகும். புது டொட் 3 எண்ணெய் 205 பாகை செல்சியசுக்கு மேல்தான் கொதிக்க வேண்டும். காற்றின் ஈரத்தைக் குடித்துப் பழையதானால் 140ஐத் தாண்டியதுமே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் நீராவி சேரும், மிதி பஞ்சுபோலக் கீழே போகும். எங்கள் ஊரின் ஈரத்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அந்த எண்ணெயை மாற்றுவது ஆடம்பரமல்ல.

லேத்தில் கடைந்து எடுக்கலாமா என்று கேட்பார்கள். கடைந்த பிறகும் எல்லைக்கு மேலே போதிய தடிப்பு மிஞ்சுமென்றால் தாராளமாகச் செய்யலாம். துருக்குழி மறையும்வரை கடைந்தால் பெரும்பாலும் மிஞ்சாது. கழற்றி எடுத்த பழைய டிஸ்க்கை வாங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். இன்னொருவர் தேய்த்த 2 மி.மீ.யை விலை கொடுத்து வாங்குவது அது. மாற்றினால் இடமும் வலமும் சேர்த்தே மாற்ற வேண்டும், பேட்டும் புதிதாக. ஹப்பின் முகத்திலுள்ள துருவைத் தேய்த்துச் சுத்தமாக்காமல் புது டிஸ்க்கை ஏற்றினால் அது சாய்ந்து உட்கார்ந்து, சில மாதத்தில் உதறத் தொடங்கும். புது டிஸ்க்கின்மேல் இருக்கும் காப்பு எண்ணெயைத் துடைக்க வேண்டும். பழகும்வரை முதல் சில நாள் மிதமாக மிதித்து ஓட்ட வேண்டும். சேர்விஸ் ஸ்டேஷனில் துருவுக்கென்று காருக்கு அடியில் எண்ணெய் அடிப்பவர்களிடம், சக்கரப் பக்கம் படக்கூடாது என்று கூடவே நின்று சொல்லுங்கள்.

அடுத்த தடவை டயர் மாற்றவோ சேர்விசுக்கோ சக்கரத்தைக் கழற்றும்போது, இரண்டு முகத்தையும் காட்டச் சொல்லுங்கள். அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணைத் திகதியோடு சேர்விஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மாரி தொடங்க முதல் ஒரு தடவை, மலைக்கு ஏற முதல் ஒரு தடவை.