கூறியது கூறல்: குற்றமும் குணமும்

நூலுக்கு ஆகாத குற்றங்களைப் பத்தெனத் தொகுத்த தொல்காப்பியமும் நன்னூலும், அவற்றுள் ஒன்றாகக் 'கூறியது கூறல்' என்பதனை வைத்தன. ஆயின் ஒரு சொல்லை இரண்டு முறையும் மூன்று முறையும் அடுக்கிக் கூறுதற்கு விதி வகுத்தனவும் அந்நூல்களே. மீளக் கூறுதல் ஓரிடத்துக் குற்றமாகவும் பிறிதோரிடத்துக் குணமாகவும் அமைதற்குக் காரணம் யாது?

பாம்பைக் கண்ட ஒருவன் 'பாம்பு, பாம்பு' எனக் கூவுகின்றான். கண்ட பாம்பு ஒன்றே. அதனை முதற்சொல் உணர்த்திவிட்டது. எனினும் இரண்டாவது சொல் பயனற்றதன்று. அது கூறுவோனது அச்சத்தை உணர்த்துகின்றது. 'வருக, வருக' என்புழி உவகையும், 'போ, போ' என்புழி வெகுளியும் இவ்வாறே புலனாகும். இவ்வடுக்கிற்குத் தொல்காப்பியர் எல்லையும் வரைந்தார். விரைவு பற்றி வருவது மூன்றினையும், இசை பற்றி வருவது நான்கினையும் கடத்தலாகாது. அளவு கடப்பின் குணமும் குற்றமாம் என்பது இதனாற் பெறப்படும்.

இரட்டைக்கிளவியின் இயல்பு வேறு. 'சலசல' என்பதனைப் பிரித்துச் 'சல' என்றால் பொருளில்லை. அடுக்குத்தொடரில் மீட்சி பொருளோடு உணர்ச்சியைச் சேர்க்கின்றது. இரட்டைக்கிளவியில் மீட்சியே பொருளைப் பிறப்பிக்கின்றது.

சொல்லைப் பிழையாது காத்தற்கும் மீட்சி கருவியாயிற்று. வேதம் ஓதுவோர் கிரமம் என்னும் முறையில் முதற்சொல்லையும் இரண்டாஞ் சொல்லையும், பின்னர் இரண்டாஞ் சொல்லையும் மூன்றாஞ் சொல்லையும் இணைத்து ஓதிச் செல்வர். சடை என்னும் முறையில் ஒவ்வோர் இணையையும் நேராகவும், தலைகீழாகவும், மீண்டும் நேராகவும் ஓதுவர். ஒரு சொல் நழுவின் அடுத்த இணை அதனைக் காட்டிக்கொடுக்கும்.

செயலுக்கும் இது பொருந்தும். மிருதங்கம் பயில்வோன் 'த, தி, தொம், நம்' என்னும் முதற்பாடத்தைப் பன்னாள் வாசிக்கின்றான். ஆயிரமாவது முறையும் பாடம் அதுவே; கை அதுவன்று. செபமாலையின் 108 மணிகளும் ஒரே மந்திரத்தை எண்ணுவன. இறைவனுக்கு ஒருமுறை கேளாமையால் அவ்வாறு உருவேற்றுவதில்லை. சிதறும் மனத்தை ஓரிடத்து நிறுத்துதற்கே உருவேற்றுவர்.

ஈண்டு 'மனனம்' என்னுஞ் சொல் சிந்தித்தற்குரியது. சிரவணம், மனனம், நிதித்தியாசனம் என வேதாந்தம் மூன்று படிகளைக் கூறும். அவற்றுள் மனனமாவது கேட்டதனை மீள மீள ஆராய்ந்து ஐயம் நீங்குதல். பள்ளி வழக்கிலோ அச்சொல், ஒப்புவிக்குமளவும் உருப்போடுதலைக் குறிப்பதாயிற்று. சொல் நின்றது, ஆராய்ச்சி நீங்கிற்று. விடையைப் பிழையின்றி எழுதக் கற்ற மாணவன், வினாவின் வடிவம் சிறிது மாறியதும் திகைத்து நிற்பது இதனாலேயாம்.

இதுபற்றி உருப்போடுதலை முற்றும் இகழ்தல் தகாது. பொருளறியா இளமையிற் பாடமான தேவாரம், பிற்காலத்து இடர் வந்துழித் தானே நாவில் எழுந்து பொருள் விளக்குதலும் உண்டு. பாடமாக்கியதன் மேல் ஆராய்ச்சி ஒருநாளும் எழாதொழிதலே இழப்பாகும். ஆதலின் பாடத்தை நெட்டுருச் செய்வித்த ஆசிரியர், அதே பாடத்திற்கு மாணவரை மீண்டும் அழைத்துச் சென்று, 'இதன் பொருள் யாது?' என வினவுதல் வேண்டும். அவ்வினா எழுப்பப்படாத வகுப்பறையிலேயே கூறியது கூறல் குற்றமாகின்றது.