ஒரு மாத்திரை குலைத்த உரையாடல்

உங்கள் இரு கரங்களையும் சற்றே நீட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே நீளம். இரண்டிலும் கட்டைவிரல் ஒரு பக்கம், சுண்டுவிரல் மறுபக்கம். தாயின் கருவில் கண்ணுக்கு எட்டாத சிறு மொட்டாக இருந்தபோது இந்த அளவும் ஒழுங்கும் எவ்வாறு உண்டாயின?

கரு ஒரே ஒரு செல்லாகத் தன் வாழ்வைத் தொடங்குகிறது. எட்டே வாரங்களில் கண், காது, இருதயம், கை, கால் என முக்கிய அவயவங்கள் யாவும் உருப்பெறத் தொடங்கிவிடுகின்றன. அப்போது சிசுவின் நீளம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் மாத்திரமே. ஒவ்வொரு செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான். அப்படியிருக்க, ஒரு செல் தான் கட்டைவிரலாக வேண்டும் என்றும், மற்றொன்று தான் முழங்கையாக வேண்டும் என்றும் அறிவது எப்படி?

செல்கள் பேசும் மொழி

செல்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்கின்றன என்பதே விடை. அவற்றின் மொழி புரதம். ஒரு செல் ஒரு புரதத்தை வெளியிடுகிறது. அண்டையிலுள்ள செல்லின் மேற்புறத்தில் அதற்கென்றே அமைந்த இன்னொரு புரதம், பூட்டு சாவியை ஏற்பதுபோல அதை ஏற்றுக்கொள்கிறது. உடனே அந்தச் செல்லுக்குள் புரதங்கள் ஒன்றையொன்று தொட்டுச் செய்தியை உட்கருவரை கொண்டு சேர்க்கின்றன. அங்கே சில மரபணுக்கள் விழிக்கின்றன, சில உறங்குகின்றன.

மனிதக் கருவில் கையின் மொட்டு கருத்தரித்த ஏறக்குறைய 26-ஆம் நாளில் தோன்றுகிறது. அதன் நுனியில் ஒரு மெல்லிய வரப்பு உண்டு. அங்கிருந்து வெளிவரும் எஃப்.ஜி.எஃப். என்னும் புரதங்கள், உள்ளேயுள்ள செல்களைத் தொடர்ந்து பெருகச் செய்கின்றன. அமெரிக்க விஞ்ஞானி ஜான் சாண்டர்ஸ் கோழிக் கருவில் அந்த வரப்பை வெட்டி நீக்கியபோது, சிறகு பாதியிலேயே நின்றுபோனது. இதை அவர் 1948-இல் வெளியிட்டார்.

சுண்டுவிரல் பக்கத்தில் மற்றொரு செல் கூட்டம் இருக்கிறது. சாண்டர்ஸும் மேரி காசலிங்கும் அதை எடுத்து இன்னொரு மொட்டின் எதிர்ப்பக்கத்தில் பொருத்தியபோது, கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல விரல்கள் இரட்டித்து வளர்ந்தன. இச்சோதனை 1968-இல் வெளிவந்தது. அச்செல்கள் அனுப்பும் செய்தி ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ என்னும் புரதம் என்பது 1993-இல் தெரியவந்தது. அது மிகுந்திருக்கும் இடத்தில் சுண்டுவிரலும், எட்டாத இடத்தில் கட்டைவிரலும் அமைகின்றன.

நுனியிலுள்ள வரப்பும் இந்தச் செல் கூட்டமும் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஒன்று மௌனமானால் மற்றதும் மௌனமாகிவிடும்.

உலகம் கண்ணீரோடு கற்ற பாடம்

இந்த உரையாடல் குலைந்தால் நேரிடுவதை உலகம் பெருந்துயரத்தின் வழியாகக் கண்டது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் தூக்க மாத்திரை விற்பனைக்கு வந்தது. மிகவும் பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்யப்பட்ட அது, மருத்துவரின் சீட்டு இல்லாமலே கடைகளில் கிடைத்தது. கர்ப்பகால வாந்திக்கும் அதைக் கொடுத்தார்கள். விரைவிலேயே பல நாடுகளில், தோளிலிருந்து நேராக விரல்கள் முளைத்த குழந்தைகளும், கைகளே இல்லாத குழந்தைகளும் பிறந்தன.

ஜெர்மனியில் விடுகின்ட் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைட் ஆகிய மருத்துவர்கள் 1961-இல் எச்சரிக்கை எழுப்பினர். அவ்வாண்டு நவம்பரில் ஜெர்மனியில் விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்குள் உலகெங்கும் 10,000-க்கும் அதிகமான குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர். அமெரிக்காவில் டாக்டர் ஃபிரான்சஸ் கெல்சி என்னும் அரசு அதிகாரி, போதிய சான்று இல்லையென்று விற்பனைக்கு அனுமதி மறுத்துவந்தார். நிறுவனத்தின் நெருக்குதலுக்கு அவர் இணங்காததால் அந்நாடு பெருந்தீங்கிலிருந்து தப்பியது.

கருத்தரித்த சுமார் 20-ஆம் நாள் முதல் 36-ஆம் நாள் வரையே மிகவும் ஆபத்தான காலம். அந்நாட்களில் ஒரே ஒரு மாத்திரையும் கேடு விளைவிக்கப் போதுமானதாயிருந்தது. 20-ஆம் நாள் என்பது மாதவிலக்கு தள்ளிப்போய் ஒரு வாரம்கூட ஆகாத நாள். தான் தாயாகப் போவதை அறியாத பெண்களே அநேகர்!

அரை நூற்றாண்டுக்குப் பின் விடை

மாத்திரை எந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டது? ஜப்பானில் ஹிரோஷி ஹாண்டாவின் குழுவினர் 2010-இல் விடையளித்தனர். அது செரெப்லான் என்னும் புரதம். வேலை முடிந்த புரதங்களின்மேல் ‘அழிக்கலாம்’ என்று முத்திரை குத்தும் ஒரு குழுவின் உறுப்பினர் அது. ஹாண்டாவின் குழு தாலிடோமைடு கொடுத்த மீன், கோழிக் கருக்களில் எஃப்.ஜி.எஃப். செய்தியும் குன்றியிருந்தது.

2018-இல் மேலும் ஒரு திரை விலகியது. தாலிடோமைடு ஒட்டிக்கொண்ட செரெப்லான், தான் தொடக்கூடாத புரதங்களையும் பிடிக்கிறது. அவற்றுள் ஒன்று, கை உருவாக இன்றியமையாத சால்-4. நல்ல நிலையிலுள்ள அந்தப் புரதத்தின்மேல் அழிவின் முத்திரை விழுகிறது. சால்-4 மரபணுவில் பழுதுள்ள குடும்பங்களில், இம்மாத்திரையை அறியாதவர்களுக்கும் கட்டைவிரலும் முன்கையும் குறைபட்டிருப்பது இதற்கு வலுச்சேர்க்கிறது. சுண்டெலியின் புரதங்களோ சற்றே வேறுபட்டவை. ஆகவே அதன் குட்டிகளுக்கு இத்தகைய ஊனம் நேருவதில்லை. ஒரு விலங்குக்குத் தீங்கற்றது மனிதனுக்கும் தீங்கற்றது என்று நம்பிவிட முடியாது.

இன்று அதே தாலிடோமைடு, தொழுநோயின் ஒருவகை அழற்சிக்கும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கும் கடும் கட்டுப்பாடுகளோடு கொடுக்கப்படுகிறது. அதை உட்கொள்பவர் கர்ப்பம் தரிக்கவே கூடாது.

நம் இல்லங்களுக்கு

ஊரில் பாட்டியும் அத்தையும் அருகிலிருந்து ஆலோசனை சொல்வார்கள். பெருநகரத்து வாடகை வீட்டிலோ, தலைவலி என்றாலும் வாந்தி என்றாலும் தெருமுனை மருந்துக்கடையே முதல் துணை. திருமணமான பெண்கள் அங்கே மாத்திரை வாங்குமுன், தாங்கள் கர்ப்பமாக இருக்கக்கூடும் என்பதை நினைவில் கொள்ளட்டும். முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின், வலிப்புக்கான வால்ப்ரோயேட் ஆகியவையும் சிசுவைப் பாதிக்கக்கூடியவை. ஆனால் வலிப்பு, சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றுக்கு மருந்து உண்பவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசுங்கள். தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை அப்போதே தொடங்கும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஏனெனில் முதுகுத்தண்டுக்கும் மூளைக்கும் மூலமான நரம்புக்குழல் 28-ஆம் நாளளவில் மூடிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். குறையோடு ஒரு குழந்தை பிறந்தால், “யார் செய்த பாவமோ, எந்தச் சாபமோ” என்று தாயின் செவியில் விழும்படி பேசுகிறவர்கள் நம் நடுவிலும் உண்டு. தாலிடோமைடு உண்ட தாய்மார் தங்களுக்குச் சொல்லப்பட்டதை நம்பினார்கள், அவ்வளவே. பல குறைபாடுகளுக்குக் காரணம் இன்றுவரை கண்டறியப்படவில்லை. ஆகையால் அந்தத் தாயிடம் காரணம் கேட்காதிருங்கள். குழந்தையை உங்கள் கைகளில் வாங்கிக்கொண்டு, அவள் சற்று உறங்கட்டும் என்று சொல்லுங்கள்.