வங்கிக் கூற்றில் சந்தா விபரம்

கடைக் கணக்கிலிருந்து மாதாமாதம் கழிபடும் இணையச் சந்தாக்களின் பெயர் வங்கிக் கூற்றில் வராமல் செய்யலாமா என்று வியாபார நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்கின்றனர். கணக்காளரும், மேலதிகப் பற்றுக்கு விண்ணப்பித்தால் வங்கி முகாமையாளரும் பார்க்கும் கூற்று அது. ஒருவர் இணையத்தில் மருத்துவ ஆலோசனை பெறுவதை இவர்கள் ஏன் அறியவேண்டும்? கேள்வி நியாயமானதே.

ஆனால் அந்தப் பெயரைத் தீர்மானிப்பது உங்கள் வங்கியல்ல. பணம் பெறும் நிறுவனம் பதிவுசெய்து வைத்திருக்கும் சுருக்கப் பெயரே அட்டை வலையமைப்பின் வழியே வந்து கூற்றில் அச்சாகிறது. கிளைக்குப் போய்க் கெஞ்சிப் பயனில்லை. அப்பிள் கைத்தொலைபேசியூடாகச் சந்தா எடுத்து அப்பிளுக்கே பணம் செலுத்தினால் 'அப்பிள்.கொம்/பில்' என்றுதான் பொதுவாக வரும், எதற்கென்று தெரியாது. கூகுள், பேபால் என்றால் விற்பவர் பெயரும் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு வரும்.

சொந்தப் பெயரில் தனிச் சேமிப்புக் கணக்கொன்று திறந்து, அதன் டெபிட் அட்டையில் சொந்தச் சந்தாக்களைப் போடுவதே எனக்குச் சரியெனப்படுகிறது. மேலதிக கடனட்டை எடுத்தால் போதாது. அதன் செலவும் பிரதான அட்டைக்காரரின் கூற்றிலேயே வரும். குறுஞ்செய்தி அறிவித்தல் எந்த இலக்கத்துக்குப் போகிறது என்றும் பாருங்கள். கடைப் பையன் வைத்திருக்கும் தொலைபேசிக்குப் போனால் மறைத்து என்ன பயன்? கடையின் கணக்கு மென்பொருள் சந்தா மட்டும் வியாபாரக் கணக்கிலேயே இருக்கட்டும். அது வரிக்குச் செலவாகக் காட்டவேண்டியது.