ஒரே அதிர்வெண், பல கோபுரங்கள்

செல்பேசியைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தால் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஊர் நடுவே உயரமான, திறன் மிகுந்த ஒரே கோபுரம் போதாதா? இதற்கு விடை சொல்ல அறிவியலும் வேண்டும், கணக்கும் வேண்டும்.

செல்பேசிக்கு ஒதுக்கப்படும் அதிர்வெண்கள் குறைவு. 70 தடங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு தடத்தில் ஒருவர் பேசலாம் என்றால், ஒரே கோபுரம் உள்ள ஊரில் ஒரே நேரத்தில் 70 பேர்தான் பேச முடியும். திறனைக் கூட்டினால் அலை எட்டும் தொலைவு கூடும். பேசுவோர் எண்ணிக்கை கூடாது.

இதற்கு ஒரு வழியை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டி. எச். ரிங் 1947 டிசம்பரில் ஒரு குறிப்பில் எழுதினார். ஊரைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்த திறனுள்ள கோபுரம் வைப்பதே அது. அந்தச் சிறு பகுதிதான் 'செல்'. திறன் குறைவாக இருப்பதால், சற்றுத் தள்ளியுள்ள செல்லில் அதே அதிர்வெண்ணை மீண்டும் பயன்படுத்தலாம். 70 தடங்களை 7 செல்களுக்குப் பங்கிட்டால் செல்லுக்கு 10. இப்படி 70 செல்கள் இருந்தால் 700 பேர் பேசலாம்!

இதை நான் வண்ணம் தீட்டும் செயல்பாடாக நடத்துகிறேன். தாளில் தேன்கூடு போல அறுகோணங்கள் வரைந்து, அடுத்தடுத்த கட்டங்களில் ஒரே வண்ணம் வராமல் தீட்டச் சொல்வேன். 3 வண்ணங்களே போதும் என்று விரைவில் கண்டுபிடிப்பார்கள். "அலை எல்லைக்கோட்டில் நின்றுவிடுமா?" என்று அடுத்துக் கேட்பேன். நிற்காது, ஒரே வண்ணக் கட்டங்கள் நெருங்கி இருந்தால் குறுக்கீடு ஏற்படும்.

செல்லின் ஆரம் R, வண்ணங்களின் எண்ணிக்கை N என்றால், ஒரே வண்ணக் கட்டங்களின் மையங்களுக்கு இடையேயான தொலைவு R√(3N). ஆரம் 2 கி.மீ. எனில், 3 வண்ணங்களுக்கு 6 கி.மீ.; 7 வண்ணங்களுக்குச் சுமார் 9.2 கி.மீ. தொலைவு கூடினால் குறுக்கீடு குறையும். ஆனால் ஒரு செல்லின் பங்கு 23 தடங்களிலிருந்து 10 ஆகக் குறைந்துவிடும். எது தேவை என்று மாணவர்களையே விவாதிக்க விடலாம்.

4ஜியில் பொதுவாக எல்லாச் செல்களும் ஒரே அதிர்வெண்ணையே பயன்படுத்துகின்றன. எல்லையோரத்தில் இருப்போருக்கு மட்டும் அதன் வெவ்வேறு பகுதிகளைப் பிரித்துக் கொடுத்துக் குறுக்கீட்டைக் குறைக்கும் முறை உண்டு.

மதிப்பீட்டுக்கு ஒரு கேள்வி: திருவிழாக் கூட்டத்தில் சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரிந்தும் அழைப்பு போகாதது ஏன்? சிக்னலின் வலிமை வேறு, தடங்களின் எண்ணிக்கை வேறு என்று பிரித்துச் சொல்லும் மாணவருக்குப் பாடம் புரிந்துவிட்டது.