பூகர்ப்ப சாஸ்திரமும் டாக்டர் பட்டமும்

கல்லூரியில் முதற்பட்டம் பெற்று வெளியேறும் மாணாக்கருட் சிலர்க்கு, மேன்மேலுங் கற்று டாக்டர் பட்டமும் பெறல் வேண்டும் என்னும் அவா எழுவது இயல்பே. ஆயினும் அப்பட்டம் யாது குறித்து வழங்கப்படுகின்றது என வினவின், பல நூல்களைக் கற்றுத் தேர்ந்தார்க்கு அளிக்கும் பரிசு அது என்றே பலரும் விடையிறுப்பர். அவ்விடை பொருந்தாது. கல்லையும் மலையையும் ஆராயும் பூகர்ப்ப சாஸ்திரத்தில் இப்பட்டத்தை விரும்புவார் செய்ய வேண்டுவன யாவை, அதனால் அவர் அடைவதும் இழப்பதும் யாவை என்பனவற்றை, உண்மையாய் நிகழ்ந்த ஒரு வரலாற்றைத் துணைக்கொண்டு ஈண்டு விளக்க முயல்வோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே 1862-ஆம் ஆண்டிற் பிறந்தவர் ப்ளாரென்ஸ் பாஸ்கம் என்னும் அம்மையார். அவர் தந்தையார் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையின் தலைவராய் விளங்கியவர். பெண்கள் உயர்கல்வி பெறல் வேண்டும் என்னும் கொள்கையுடையவர். மகளார் அச்சர்வகலாசாலையிலேயே பயின்று, 1887-ஆம் ஆண்டில் முதுகலைப் பட்டமும் பெற்றுச் சின்னாள் ஆசிரியத் தொழில் புரிந்தார். அதனோடு மனநிறைவு கொண்டிருத்தல் அவர்க்கு எளிதாய் இருந்திருக்கும். ஆயினும் பாறைகளின் வரலாற்றைத் தாமே கண்டறிதல் வேண்டும் என்னும் வேட்கையால், பால்ட்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையை நாடினார்.

1876-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அச்சர்வகலாசாலை, ஜெர்மானியர் முறையைப் பின்பற்றி ஆராய்ச்சியையே தலைமையாகக் கொண்டது. ஆனால் அதன் கதவுகள் அக்காலத்தில் பெண்களுக்குத் திறந்திருக்கவில்லை. கணிதத்தில் வல்லவரான கிறிஸ்டீன் லாட் ப்ராங்க்ளின் அம்மையார் 1882-ஆம் ஆண்டிலேயே பட்டத்திற்குரிய பணிகள் யாவற்றையும் முடித்திருந்தும், பெண் என்னும் காரணத்தால் அது மறுக்கப்பட்டது. 44 ஆண்டுகள் கழித்து, 1926-ஆம் ஆண்டிலே தான் அவர் கையில் அது வந்து சேர்ந்தது. பாஸ்கம் அம்மையாரோ 1891-ஆம் ஆண்டிற் சிறப்பு அனுமதி பெற்று உள்ளே நுழைந்தார். ஆடவர் கவனம் சிதறுமென்று அஞ்சி, வகுப்பறையின் ஒரு மூலையில் திரையொன்று நாட்டி, அதன் பின்னே அவரை அமர்த்தினர். திரைக்குப் பின்னிருந்தே அவர் பாடங் கேட்டார்.

அவர்க்கு வழிகாட்டியாய் அமைந்தவர் ஜார்ஜ் ஹண்டிங்டன் வில்லியம்ஸ் என்னும் பேராசிரியர். அவர் ஜெர்மனியிலுள்ள ஹைடெல்பெர்க் நகரிற் பயின்று, பாறைகளை நுண்ணோக்கியால் ஆராயும் புதிய கலையைத் தம் நாட்டிற்குக் கொணர்ந்தவருள் ஒருவர். பென்ஸில்வேனியா மாகாணத்தின் தென்பாகத்திலே சவுத் மவுண்டன் என்னும் மலைத்தொடர் உளது. அங்குள்ள பாறைகளிற் பலவற்றை, நீரின் அடியிற் படிந்து இறுகிய மண்ணடுக்குகள் என்றே முன்னோர் கருதி வந்தனர். அவை பண்டைய எரிமலைக் குழம்பு உறைந்தவை என்பது வில்லியம்ஸின் துணிபு. துணிபு வேறு, நிறுவுதல் வேறு. அதனை நிறுவும் பொறுப்பே மாணவியார்க்கு வாய்த்தது. டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு முதலில் வேண்டுவது இத்தகைய வினாவே. அது விடை காணப்படாததாயும், சில ஆண்டு உழைப்பினால் விடை காணத் தக்கதாயும் இருத்தல் வேண்டும். மிகப் பெரிய வினாவை எடுத்தவர் கரை காணார். மிகச் சிறிய வினாவை எடுத்தவர் கண்டதனாற் பயனில்லை.

வினா அமைந்த பின்னர் முதற்பணி மலையிலே நிகழ்வது. சம்மட்டி, கைவில்லை, திசைகாட்டி, குறிப்பேடு என்பனவே கருவிகள். மண்ணும் மரமும் மூடாது பாறை வெளிப்படும் ஒவ்வோரிடத்தையும் நாடிச் சென்று, அப்பாறை எத்திசையில் எவ்வளவு சாய்ந்துளது என அளந்து, படத்திற் குறித்து, ஒரு துண்டினை உடைத்தெடுத்து எண்ணிட்டுப் பையிலிடல் வேண்டும். இரண்டு இடங்களுக்கு இடையே மறைந்து கிடப்பதை ஊகித்தல் நேரிடும். அவ்வூகம் பிழையாயின், மறுநாள் காணும் மூன்றாவது பாறை அதனைக் காட்டிக் கொடுக்கும். வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் நடந்து திரட்டிய குறிப்புகளே பின்னர் ஒரு வண்ணப்படமாய் உருப்பெறுகின்றன.

இரண்டாவது பணி ஆய்வுக்கூடத்தில் நிகழ்வது. கொணர்ந்த கல்லைச் சீவலாக அறுத்துக் கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனமாகும் வரை தேய்ப்பர். ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கின் அவற்றுள் மூன்று பங்கே அக்கனம். அந்நிலையிற் கருங்கல்லும் ஒளி ஊடுருவும் தன்மை பெறுகின்றது. அதிர்வுகளை ஒரே தளத்தில் அடக்கிய ஒளியை அதனூடு செலுத்தி நுண்ணோக்கியால் நோக்கின், ஒவ்வொரு தாதுவும் தனக்குரிய நிறங் காட்டும். குவார்ட்ஸ் என்னும் பளிங்குக்கல் வெண்சாம்பல் நிறங் காட்டுமாயின், சீவல் வேண்டிய கனத்தினை அடைந்தது என்பர். மஞ்சள் காட்டுமாயின் இன்னுந் தேய்த்தல் வேண்டும்.

எரிமலைக் குழம்பு விரைந்து குளிரின் கண்ணாடியாய் உறையும். கோடிக்கணக்கான ஆண்டுகள் கழியுங்கால் அக்கண்ணாடி அந்நிலையிற் கிடவாது. மெல்ல மெல்ல நுண்ணிய படிகங்களாய் மாறிவிடும். ஆதலின் வெறுங் கண்ணுக்கு அதன் பிறப்பு விளங்குவதில்லை. ஆயினும் குழம்பு ஓடிய வரிகளும், கண்ணாடி குளிருங்காற் பிளந்த வளைவான வெடிப்புகளும், ஆவி நிறைந்திருந்த குமிழ்களின் வடிவங்களும் அழியாமல் எஞ்சி நிற்கும். பிற்காலத்துப் படிகங்கள் அவ்வடிவங்களின் மேலேயே வளர்ந்து கிடக்கும். பழைய ஓலையின் எழுத்தைத் துடைத்து மேலே வேறெழுதினும், சாய்த்துப் பிடித்தால் முன்னெழுத்தின் கீறல் தோன்றுவது போலாம் இது. இச்சான்றுகளைக் கொண்டு, அப்பாறைகள் ரையோலைட் என்னும் எரிமலைப் பாறைகளாய்த் தோன்றிப் பின் உருமாறியவை என்பதைப் பாஸ்கம் அம்மையார் நிறுவினார். 1893-ஆம் ஆண்டில் அவர்க்கு டாக்டர் பட்டம் வழங்கப்பட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அப்பட்டம் பெற்ற முதற்பெண் அவரே. அச்சர்வகலாசாலை பட்டமேற்படிப்பிற்குப் பெண்களைப் பொதுவாய் ஏற்றுக்கொண்டதோ 1907-ஆம் ஆண்டில்.

இக்காலத்தில் கருவிகள் பெருகியுள்ளன. சிர்க்கான் என்னும் சிறு தாதுவிலுள்ள யுரேனியம் ஈயமாய் மாறுந் தன்மை அவற்றுள் ஒன்றிற்கு அடிப்படையாகும். யுரேனியம் 238 பாதியளவு குறைதற்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் செல்லும். இக்கணக்கைக் கொண்டு பாறையின் வயதை அளக்கின்றனர். சவுத் மவுண்டன் எரிமலைகள் ஏறத்தாழ 57 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பது இவ்வாறு அறியப்பட்டதே. எனினும் பணியின் ஒழுங்கு மாறவில்லை. வினாவைத் தேர்தல், மலையில் நடத்தல், ஆய்வுக்கூடத்தில் அளத்தல், நூலாக எழுதுதல், தேர்வாளர் முன் நின்று தாம் கூறியதற்குச் சான்று காட்டல் என்னும் ஐந்தும் இன்றும் உள்ளனவே. இந்தியாவிலே 2022-ஆம் ஆண்டின் விதிகளின்படி இதற்குக் குறைந்த கால எல்லை மூன்று ஆண்டுகள். பொதுவான மேலெல்லை ஆறு ஆண்டுகள்.

இதிலுள்ள துன்பங்களை மறைத்தல் நேர்மையாகாது. உடன் பயின்றோர் உத்தியோகமும் ஊதியமும் பெற்று இல்லறம் நடத்துங் காலத்தில், ஆராய்ச்சி செய்வார் பாறைத் துண்டுகளுக்கு எண்ணிட்டுக் கொண்டிருப்பர். ஓராண்டு முயன்று கண்ட முடிவு ஒரே சீவலாற் பொய்யாகிவிடுதலும் உண்டு. வீட்டார் “எப்பொழுது முடியும்?” என வினவுவர், அதற்கு விடை கூற இயலாது. வழிகாட்டியின் துணையும் நிலையானதன்று. வில்லியம்ஸ் 1894-ஆம் ஆண்டில், தம் 38-ஆம் வயதில், விஷ சுரத்தால் மாண்டார். மாணவியார் பட்டம் பெற்று ஓராண்டே கழிந்திருந்தது. அதன் பின் அவர் தம் அறிவையே நம்பி நிற்க வேண்டியவரானார்.

அவ்வாறே நின்றார். 1895-இல் பிரின் மார் என்னும் பெண்கள் கல்லூரியிற் சேர்ந்து, பூகர்ப்ப சாஸ்திரப் பகுதியைத் தோற்றுவித்து, 1928 வரை அங்கே கற்பித்தார். 1896-இல் அமெரிக்க அரசாங்கத்துப் பூகர்ப்ப ஆராய்ச்சித் துறையில் அமர்ந்த முதற்பெண்ணும் அவரே. எலனோரா ப்ளிஸ், அன்னா ஜோனாஸ் என்னும் அவர் மாணவியர் இருவர், ஃபிலடெல்பியாவை அடுத்த விஸ்ஸஹிக்கன் பாறைகளைப் பற்றித் தம் ஆசிரியையின் கருத்தை மறுத்து எழுதினர். இது நன்றி மறத்தல் எனச் சிலர்க்குத் தோன்றலாம். நாமோ இதனையே அவ்வாசிரியை தந்த கல்வியின் பயன் என்போம். ஆசிரியர் சொல்லினும் பாறை சொல்வதை மேலாகக் கொள்ளும் துணிவே டாக்டர் பட்டத்தின் உட்பொருள்.

ஆதலின் இப்பட்டத்தை நாடும் மாணாக்கர், பெயர்க்கு முன்னே ஓர் அடைமொழி வேண்டும் என்பதற்காக மட்டும் அதனை நாடாதிருப்பாராக. சில ஆண்டுகள் உடன் வாழத் தக்க வினா ஒன்று தம் உள்ளத்தில் உளதா எனத் தம்மையே கேட்டுக்கொள்க. இல்லையேல், வேறு தொழிலில் இறங்குதல் இழுக்கன்று. உளதாயின், வறுமையும் தாமதமும் கண்டு பின்வாங்கற்க. பாஸ்கம் அம்மையார் 1945-ஆம் ஆண்டில் மறைந்தார். அவரை மறைத்த திரை என்றோ அகற்றப்பட்டது. அவர் எழுதிய நூலோ அம்மலையை ஆராயப் புகுவார்க்கு இன்றும் பயன்படுகின்றது.