புனிதப் பயணத்தில் கட்டுச்சோறு

யமன் நாட்டு மக்கள் சிலர் ஒரு காலத்தில் ஹஜ்ஜுக்கு வெறுங்கையராய்ப் புறப்படுவதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். வழிக்கு உணவு எடுத்துக்கொள்ளமாட்டார்கள். தாங்கள் இறைவன் மீது பொறுப்பைச் சாட்டிவிட்டவர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். மக்கா வந்து சேர்ந்ததும் பிறரிடம் கையேந்துவார்கள். இவர்கள் விஷயமாகவே திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 197ஆம் வசனம் அருளப்பெற்றது என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்ததாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். வழிக்கு வேண்டிய உணவைச் சேர்த்துக்கொள்ளுமாறும், சேர்ப்பவற்றுள் எல்லாம் மேலானது இறையச்சமே என்றும் அவ்வசனம் பணிக்கின்றது. நம் மேடைகளில் இறையச்சத்தைக் கூறும் பிற்பகுதி மணிக்கணக்கில் விளக்கப்படுகின்றது. கட்டுச்சோற்றைக் கூறும் முற்பகுதியோ ஒரே மூச்சில் கடந்துபோய்விடுகின்றது. அந்த முற்பகுதியைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறோம்.

உங்கள் இல்லத்திலிருந்து உம்ராவுக்குப் புறப்படுவோர் யார் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் வயது முதிர்ந்த தாயும் தந்தையுமே. பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் செல்கிறார்கள். அங்கே சென்று இறங்கியதும் ஒவ்வொரு ரியாலையும் ரூபாயாக மாற்றிக் கணக்கிடத் தொடங்குகிறார்கள். 2025ஆம் ஆண்டில் ஒரு ரியால் ஏறத்தாழ 23 ரூபாய் என்ற அளவில் இருந்தது. இரண்டு ரியால் தேநீரை 46 ரூபாய் என்று கணக்கிட்டால் யாருக்குத்தான் குடிக்க மனம் வரும்? சவூதி ரியாலின் மதிப்பு 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 என்று நிலைநிறுத்தப்பட்டிருக்கின்றது. ஆகவே டாலருக்கு எதிராக நம் ரூபாய் இறங்கும்போதெல்லாம் மக்காவின் தேநீரும் நமக்கு விலையேறுகின்றது. 2020ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அந்நாட்டின் மதிப்புக் கூட்டு வரி 5 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாக உயர்ந்ததும் இதனுடன் சேர்ந்துகொண்டது.

எனவே அந்தத் தாய் என்ன செய்கிறார்? காலை உணவைத் தவிர்த்துவிடுகிறார். இரவுக்கு இரண்டு ரொட்டித் துண்டுகளோடு முடித்துக்கொள்கிறார். மிச்சப்படுத்திய பணத்தில் பேரப்பிள்ளைகளுக்குத் தஸ்பீஹ் மாலைகளும், உறவினர்களுக்குத் தொழுகை விரிப்புகளும், அண்டை வீட்டாருக்கு அத்தரும் வாங்குகிறார். அந்த விரிப்புகளுள் பல நம் ஊர்க் கடைவீதியிலேயே கிடைக்கக்கூடியவை என்பதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். ஆயினும் சொல்லத்தான் வேண்டும். தாய் உண்ணாமல் வாங்கிவரும் அன்பளிப்பு எந்தப் பிள்ளைக்கும் கடமையானதன்று.

உம்ரா உடலால் செய்யும் வணக்கம். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை நடப்பது மட்டுமே மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. தவாஃபைக் கூட்டத்தின் காரணமாக மேல்தளத்தில் செய்ய நேர்ந்தால், கீழே சுற்றுவதைப்போலப் பல மடங்கு தூரம் நடக்க வேண்டும். விடுதிக்கும் ஹரம் ஷரீஃபுக்கும் ஐந்து வேளை போய்வரும் நடை வேறு. வெயிலோ இரக்கமற்றது. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது ஜூன் 17ஆம் நாள் அங்கு வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அவ்வாண்டு 1301 பேர் உயிரிழந்தனர் என்றும், அவர்களுள் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றி வந்து, நிழலின்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்றும் சவூதி அரசு அறிவித்தது. இத்தகைய இடத்தில் வெறும் வயிற்றோடு நடப்பதைச் சிக்கனம் என்று எப்படிச் சொல்வது? நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர் மருந்தைச் செலுத்திவிட்டு உணவைத் தவிர்த்தால், இரத்தத்தில் சர்க்கரை திடீரெனக் குறைந்து தவாஃபின் நடுவிலேயே மயங்கி விழக்கூடும். புறப்படுமுன் மருத்துவரிடம் உணவு வேளைகளைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நன்றாக உண்பதற்கு அங்கே பெரும் பொருள் தேவையில்லை. அந்நாட்டில் உழைத்து வாழும் எளிய மக்கள் உண்பதை நீங்களும் உண்டால் போதும்.

காலையில் ஹரமுக்கு எதிரேயுள்ள உயர்ந்த விடுதிகளின் உணவுக்கூடத்தை நாடாமல், சந்துக்குள் சென்று தமீஸ் சுடும் கடையைத் தேடுங்கள். தமீஸ் என்பது ஆப்கானியர் அடுப்பில் சுடும் பெரிய, வட்டமான ரொட்டி. ஒன்று வாங்கினால் இருவர் பசியாறலாம். அதற்குத் துணையாக ஃபூல் என்னும் அவரையினப் பயற்றை வேகவைத்து மசித்து, எண்ணெயும் சீரகமும் சேர்த்துத் தருவார்கள். அத்ஸ் என்னும் பருப்புக் குழம்பும் சில கடைகளில் உண்டு. நம் வீட்டுப் பருப்பாணத்தின் நெருங்கிய உறவு அது. நாவுக்கு அந்நியமாகத் தோன்றாது. நண்பகல் வரை பசி தாங்கும் உணவு இவ்விரண்டும். ஓர் எச்சரிக்கை: ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஃபூல் ஆகாது. அவர்களின் இரத்தச் சிவப்பணுக்களை அது சிதைத்துவிடும். உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் அக்குறைபாடு இருப்பதாக மருத்துவர் கூறியிருந்தால் அந்தப் பாத்திரத்தின் பக்கமே போக வேண்டாம்.

மதியத்துக்குப் புகாரிச் சோற்றுக் கடைகள் இருக்கின்றன. அங்கே கேட்கும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். நுஸ் என்றால் பாதிக் கோழி, ருபு என்றால் கால் கோழி, நஃபர் என்றால் ஓர் ஆளுக்குரிய பங்கு. ஆனால் அந்த ஓர் ஆள் யார் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பாதிக் கோழியுடன் வரும் சோற்றுக் குவியல் நம்மில் இருவருக்கு, சிறிய வயிறாயின் மூவருக்குப் போதும். ஆளுக்கொன்றாக வாங்கிப் பாதியைக் குப்பையில் கொட்டுகின்ற காட்சியை அங்கே தினந்தோறும் பார்க்கலாம். இருவருடைய உணவு மூவருக்குப் போதுமானது என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருப்பதை நாம் அறிவோம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் திருமண வீடுகளில் ஒரே ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்டு பழகிய மக்களுக்கு இதை எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஊரில் பழகியதை மக்காவில் ஏன் மறக்க வேண்டும்?

ஹரமை விட்டுச் சிறிது விலகி நடந்தாலே விலை இறங்கிவிடும். மக்காவின் மிஸ்ஃபலா பகுதியில் இந்திய, பாகிஸ்தானிய, வங்காளதேச உணவுக் கடைகள் நிறைந்துள்ளன. பொரித்த கோழியின்மேல் பிள்ளைகளுக்கு ஆசை என்றால், 1974ஆம் ஆண்டு ஜித்தாவில் தோன்றிய அல்பைக் கடைகள் இரு புனித நகரங்களிலும் உண்டு. ஒரு பெட்டியை இருவர் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் தினமும் பொரித்ததைத் தின்றுவிட்டு நெஞ்செரிச்சலோடு தொழ நிற்பது நல்லதன்று. இரவுக்குப் பகாலா என்னும் சிறு மளிகைக் கடையில் லபன் என்ற மோரும், ஸபாதீ என்ற தயிரும், வாழைப்பழமும் வாங்கி அறையில் வைத்துக்கொள்வதே மேல். இவ்விஷயத்தில் அரபு நாட்டில் பணிபுரியும் உங்கள் பிள்ளைகளும் மருமக்களும் நம்மைவிட நன்றாக வழிகாட்டுவார்கள்.

தண்ணீருக்குச் செலவே வேண்டாம். ஸம்ஸம் நீர் இரு பள்ளிகளிலும் தாராளமாக வழங்கப்படுகின்றது. குளிரூட்டப்படாத நீர் தனிக் கொள்கலன்களில் இருக்கும். வெயிலில் வந்தவுடன் குளிர்ந்த நீரைப் பருகித் தொண்டை கட்டிக்கொள்வோர் அதையே நாடுவது நலம். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அவ்வப்போது பருகிக்கொண்டே இருங்கள்.

இனி ஊரிலிருந்து எடுத்துச் செல்வதைப் பற்றி. பம்பாயிலிருந்து கப்பலில் ஹாஜிகள் சென்ற நாள்களில், 1995ஆம் ஆண்டில் அந்தக் கடற்பயணம் நின்றுபோகும் வரை, அரிசியும் பருப்பும் ஊறுகாயும் மூட்டை மூட்டையாய் உடன் சென்றன. இன்று விமானத்தில் எடை அளந்துதான் ஏற்றுகிறார்கள். விடுதி அறைகளில் சமைக்கப் பெரும்பாலும் அனுமதியும் இல்லை. ஆகவே அவல், பொட்டுக்கடலை மாவு, பருப்புப் பொடி, உலர்ந்த பலகாரங்கள் என்று சமைக்காமல் உண்ணத்தக்கவற்றைச் சிறிதளவு எடுத்துச் செல்லுங்கள். நடு இரவில் தவாஃப் முடித்துத் திரும்பும்போது கடை தேடி அலையவேண்டாம்.

நம் இல்லத்துப் பெண்கள் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கசகசாவைக் கொண்டுசெல்லாதீர்கள். குர்மாவுக்கு நாம் அரைத்துச் சேர்க்கும் அதே கசகசாதான். அபின் செடியின் விதை என்பதால் சவூதி அரேபியாவில் அது தடை செய்யப்பட்ட பொருள். தெரியாமல் கொண்டுவந்தேன் என்று சொல்லித் தப்பிப்பது எளிதன்று. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் அது கலந்திருந்தால் பொடியையும் விட்டுச் செல்லுங்கள். ஊரார் கொடுத்தனுப்பும் பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தபின்பே பெட்டியில் வையுங்கள். பெட்டி உங்களுடையது. பதில் சொல்ல வேண்டியவரும் நீங்களே.

இஹ்ராம் அணிந்திருக்கும்போது நறுமணப் பொருள் விலக்கப்பட்டிருப்பதால், குங்குமப்பூ இட்ட அரபுக் காப்பியும் சோறும் கேள்விக்குரியவை ஆகின்றன. உணவில் அதன் மணமோ சுவையோ வெளிப்பட்டால் ஆகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. சமைத்த உணவில் கலந்திருந்தால் குற்றமில்லை என்பது ஹனஃபீ மத்ஹபின் நிலை. உங்கள் ஊர் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

ரமலானில் செல்வோருக்கு நோன்பு திறக்கும் நேரத்து உணவுக் கவலை இல்லை. மதீனாவின் மஸ்ஜிதுந் நபவீயில் நீளமாக விரிக்கப்படும் ஸுஃப்ராக்களில் பேரீச்சம்பழமும் ரொட்டியும் தயிரும் வைத்துக்கொண்டு, தம் விரிப்பில் வந்து அமருமாறு வழிப்போக்கரின் கையைப் பிடித்து இழுக்கும் மதீனாவாசிகளைக் காணலாம். அந்த விருந்தோம்பலை மறுக்கத் தேவையில்லை. கூச்சமும் வேண்டாம். ஆனால் அறைக்குக் கொண்டுபோகப் பையில் நிரப்பிக்கொள்வதும், மற்ற நாள்களில் எங்கே இலவசமாய் வழங்குகிறார்கள் என்று தேடித் திரிவதும் அந்த யமன் நாட்டவரின் வழிக்கே நம்மைக் கொண்டு சேர்க்கும். புறப்படும் முன்பே நாளொன்றுக்கு உணவுக்கென ஒரு தொகையை ஒதுக்கி, அதைத் தனிப் பையில் போட்டுத் தாயின் கையில் கொடுங்கள். அதிலிருந்து அன்பளிப்பு வாங்கக்கூடாது என்றும் சொல்லிவிடுங்கள்.

பேரீச்சம்பழத்தைப் பொறுத்தவரை பலரும் ஊர் திரும்பும் நாளில்தான் பெட்டி பெட்டியாக வாங்குகிறார்கள். மதீனாவில் சென்று இறங்கிய முதல் நாளே, பள்ளிக்கு அருகிலுள்ள பழச் சந்தையில் உங்களுக்கென்று அரைக் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். அஜ்வாவுக்குச் சிறப்பு அதிகம், விலையும் அதிகம். கறுத்து நீண்ட ஸஃபாவீயும், பொன்னிறத்து ஸுக்கரியும் விலை குறைந்தவை, சுவையில் குறையாதவை. அஜ்வா சற்று உருண்டையாக இருக்கும். நீண்ட ஸஃபாவீயை அஜ்வா என்று எவரேனும் விற்க முனைந்தால் இதைக் கொண்டே அடையாளம் கண்டுகொள்ளலாம். கடைக்காரர் சுவை பார்க்கத் தருவார். நீரிழிவு உடையவர் மருத்துவர் சொன்ன எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டு, மீதியை உடன் வந்தவரிடம் கொடுத்துவிடலாம்.